வேறு மாநிலத்துக்குப் போகும்போது மருத்துவக் கஞ்சா பரிந்துரை: அமெரிக்கத் தமிழர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எடிசனில் இருக்கும் என் அத்தைக்குக் கீமோ நடந்துகொண்டிருந்த சமயம். மூன்றாவது சுற்றுக்கு அப்புறம் ரசம் சாதம்கூட இறங்கவில்லை, வாந்திக்குக் கொடுத்த மாத்திரைகள் பாதி நாள்தான் கேட்டன. நியூ ஜெர்சியில் 2022 ஏப்ரல் முதல் 21 வயது ஆன யாரும் கடையில் கஞ்சா வாங்கலாம் என்பதால், நர்ஸ் ஒருவர் சொன்னதைக் கேட்டு மாமாவே போய் ஒரு டப்பா "கம்மி", அதாவது கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாய், வாங்கி வந்தார். அரைத் துண்டு. அன்று ராத்திரி அத்தை ஒன்றரை இட்லி சாப்பிட்டார். அதன் பிறகு அந்த டப்பா பூஜை அலமாரிக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்துவிட்டது.

பிரச்சினை எப்போது வந்தது என்றால், ஹவாய் மாநிலத்து ஹொனலூலுவில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரு மாதம் போவதென்று டிக்கெட் போட்டபோது. பெட்டி கட்டிக்கொண்டே அத்தை கேட்டார்: "ஏன்டா, இந்த டப்பாவ அப்படியே ஹேண்ட்பேக்ல போட்டுக்கலாம்ல?"

கூடாது. ஏன் கூடாது, பதிலுக்கு என்ன செய்யலாம் என்று தேடி அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, அவையும் அடிக்கடி மாறும். அதனால் விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த மாநில சுகாதாரத் துறையின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: உங்கள் விசா என்ன?

இதைக் கடைசியில் ஒரு வரியாகப் போட்டுவிட்டுப் போகிற கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நம் ஆட்களுக்கு இதுதான் முதல் கேள்வி. நீங்கள் அமெரிக்கக் குடிமகன் இல்லை என்றால், எச்1பி, எஃப்1, எச்4, கிரீன் கார்டு எதுவானாலும் சரி, குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் பேசாமல் இதற்குமேல் ஓரடிகூட வைக்காதீர்கள்.

காரணம் இதுதான். மாநிலம் அனுமதித்தாலும், 1970-இல் வந்த ஃபெடரல் சட்டத்தில் கஞ்சா கட்டுப்படுத்தப்பட்ட பொருள். குடியேற்ற விஷயத்தில் செல்லுபடியாவது ஃபெடரல் சட்டம் மட்டும்தான். அதிலும் மோசம் என்னவென்றால், போலீஸ் பிடிக்க வேண்டும், தண்டனை கிடைக்க வேண்டும் என்றுகூட இல்லை. விமான நிலையத்தில் அதிகாரி கேட்கும்போது "ஆமாம், கொலராடோவில் வாங்கினேன், அங்கே சட்டப்படி சரிதானே" என்று வெள்ளந்தியாக நீங்களே ஒப்புக்கொண்டால் அதுவே நுழைவை மறுக்கப் போதுமான காரணம் ஆகலாம். கிரீன் கார்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போதும் இதே சிக்கல் வரலாம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது "நன்னடத்தை" என்று ஒன்றைப் பார்ப்பார்கள் அல்லவா, மாநிலச் சட்டப்படி சரியாக இருந்தாலும் கஞ்சா தொடர்பான செயல் அதற்குத் தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லிவிட்டது. கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையிலும் போதைப்பொருள் பழக்கம் பற்றிக் கேட்பார்கள்.

ஃபெடரல் சட்டம் இந்தப் பொருட்களைக் கண்டிப்பின் அளவுப்படி அட்டவணைகளாகப் பிரித்திருக்கிறது; கஞ்சாவுக்கு அட்டவணை மாற்றம் வருகிறது, தளர்த்துகிறார்கள் என்று செய்திகள் அவ்வப்போது வரும். முதல் அட்டவணையிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினால்கூட அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான், அதனால் விசாக்காரர்களின் தலைவலி அதோடு தீராது. டிஸ்பென்சரி (கஞ்சா விற்கும் கடை) வாசலில் நின்று எடுத்த செல்ஃபியைக்கூட போனில் வைத்திருக்காதீர்கள். எல்லையில் போனைத் திறந்து பார்க்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

ஒரு வேடிக்கை: மருத்துவக் கஞ்சா அட்டையையும் இங்கே சிலர் பேச்சுவழக்கில் கிரீன் கார்டு என்பார்கள். ஒரு கிரீன் கார்டால் இன்னொரு கிரீன் கார்டு போய்விடக் கூடாது.

அத்தை சிட்டிசன் ஆகி வருஷக்கணக்காகிறது. அதனால்தான் நாங்கள் அடுத்த கட்டத்துக்கே போனோம். சிட்டிசனாக இருந்தாலும் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று வேலை: ஃபெடரல் வேலை, பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் ஒப்பந்த வேலை, லாரி ஓட்டும் உரிமம் இதெல்லாம் இருந்தால் மருத்துவக் கஞ்சா கார்டு உங்களைக் காப்பாற்றாது. தனியார் நிறுவனத்திலும் பல மாநிலங்களில் இதே கதைதான். கொலராடோவிலேயே, மருத்துவக் கார்டு வைத்திருந்தவரை வேலையை விட்டு நீக்கியது சரிதான் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2015-இல் சொன்னது. இரண்டாவது துப்பாக்கி. கஞ்சா பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருப்பது ஃபெடரல் சட்டப்படி குற்றம்.

பரிந்துரை, கார்டு, அங்கீகாரம்: மூன்றும் ஒன்றல்ல

பாதிப் பேர் குழம்புவது இங்கேதான். டாக்டர் கஞ்சாவுக்கு மருந்துச் சீட்டு எழுத முடியாது, ஃபெடரல் சட்டம் விடாது. 1996-இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து முதன்முதலாக மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தபோது இதற்குக் கண்டுபிடித்த வழிதான் "பரிந்துரை". இந்த நோயாளிக்கு இது உதவலாம் என்பது என் கருத்து என்று டாக்டர் சொல்வது, அவ்வளவுதான். அப்படிச் சொல்வதற்காக, டாக்டர் மருந்து எழுதுவதற்கான ஃபெடரல் பதிவைப் பறிக்க ஃபெடரல் அரசு முயன்றது. அது பேச்சுரிமை என்று 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்துவிட்டது.

அந்தப் பரிந்துரையை வைத்து உங்கள் மாநிலம் தருவது கார்டு. அந்தக் கார்டை இன்னொரு மாநிலம் ஏற்றுக்கொள்வது அங்கீகாரம். வெளி மாநிலத்துக்குப் போகும் உங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது மூன்றாவது. ஆனால் முதல் இரண்டும் கையில் இல்லாமல் அது கிடைக்காது. "போகிற ஊரில் ஒரு டாக்டரைப் பார்த்து அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்" என்று கிளம்பினால் பல இடங்களில் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்த மாநிலத்தில் வசிப்பதற்கான சான்று கேட்பார்கள்.

படி 1: போகிற மாநிலம் எந்த ரகம் என்று பாருங்கள்

21 வயது ஆனால் போதும் என்கிற மாநிலமா? கலிஃபோர்னியா, கொலராடோ, நெவாடா, அரிசோனா, நியூ மெக்சிகோ, இல்லினாய், மிச்சிகன், மேரிலாண்ட், ஒஹையோ, நியூயார்க் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். எந்த மாநில ஐடி ஆனாலும் பரவாயில்லை, வயதைக் காட்டினால் வாங்கலாம். பரிந்துரை எதற்கு, பேசாமல் விட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள், இல்லினாயில் வெளியூர்க்காரருக்கு அளவு பாதிதான், காய்ந்த கஞ்சாப் பூவானால் உள்ளூர்க்காரருக்கு 30 கிராம், உங்களுக்கு 15.

வெளி மாநிலக் கார்டைப் பார்த்துத் தற்காலிகக் கார்டு கொடுக்கும் மாநிலமா? ஹவாய், ஓக்லஹோமா, யூட்டா இப்படி. ஓக்லஹோமாவில் கட்டணம் 100 டாலர். யூட்டாவில் ஒரு தடவைக்கு 21 நாள், வருஷத்துக்கு இரண்டு தடவை.

உள்ளூர்க்காரருக்கு மட்டும் என்று கதவைச் சாத்தும் மாநிலமா? பென்சில்வேனியா அப்படித்தான். ஃப்ளோரிடாவும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் அங்கே "பருவகால வாசி" என்று ஒரு சந்து இருக்கிறது. வருஷத்தில் தொடர்ந்து 31 நாளாவது அங்கே தங்குகிறவர், அங்கே தற்காலிக வீடு இருப்பவர், சொந்த மாநிலத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது திரும்புகிறவர் விண்ணப்பிக்கலாம். குளிருக்குப் பயந்து டிசம்பரில் டாம்பா பக்கம் போய் மார்ச்சில் திரும்பும் ஓய்வுபெற்ற நம் மாமா, மாமிகளுக்கு இது சரியாகப் பொருந்தும். அங்கே பதிவு பெற்ற டாக்டரிடம் முதல் தடவை நேரில் போக வேண்டும், மாநிலக் கட்டணம் 75 டாலர்.

வாஷிங்டன் டிசி தனி ரகம். 21 வயதான வெளியூர்க்காரர் டாக்டர் இல்லாமலேயே, மருத்துவக் காரணத்துக்காகத்தான் என்று தானே உறுதிமொழி கொடுத்துக் குறுகிய காலக் கார்டு வாங்கலாம். நான் பார்த்ததிலேயே எளிமையானது அதுதான்.

நியூயார்க்கில் இன்னொரு வசதி. சிகிச்சைக்காகவே அங்கே தங்கியிருக்கும் வெளியூர் நோயாளிக்கு மருத்துவச் சான்று கிடைக்கும். மன்ஹாட்டனில் புற்றுநோய் சிகிச்சைக்காக மாதக்கணக்கில் வீடெடுத்துத் தங்குகிறவர்களுக்கு இது பயன்படும்.

படி 2: சொந்த மாநிலத்தில் பரிந்துரை வாங்குங்கள்

அத்தை அதுவரை சாதாரண வாடிக்கையாளராக, கார்டே இல்லாமல் வாங்கிக்கொண்டிருந்தார். ஹவாயில் 21 வயதுக் கடை கிடையாது, மருத்துவம் மட்டும்தான். அதனால் நியூ ஜெர்சியிலேயே ஒழுங்காகப் பதிவு செய்துகொள்ள வேண்டிவந்தது. (அதில் ஒரு லாபமும் உண்டு, நியூ ஜெர்சியில் மருத்துவக் கார்டு இருந்தால் விற்பனை வரி கிடையாது. இது தெரியாமல் இரண்டு மாதம் வரி கட்டிய கதையை மாமாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.)

முதலில் உங்கள் நோய்க்குச் சிகிச்சை தரும் டாக்டரிடமே கேளுங்கள். அவர் மறுத்தால் மனம் நொந்துகொள்ள வேண்டாம். பல பெரிய மருத்துவமனைகளில் கொள்கை காரணமாகவே சான்று தர மாட்டார்கள். அப்படியானால் மாநிலத் திட்டத்தில் பதிவு பெற்ற வேறு டாக்டரின் பட்டியலை மாநிலத் தளத்திலேயே எடுத்து அவர்களில் ஒருவரைப் பாருங்கள். காப்பீடு இதற்கு உதவாது, கையிலிருந்துதான் போகும்; சாதாரணமாக 100-இலிருந்து 200 டாலருக்குள் கேட்பார்கள்.

போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியது: நோய் உறுதியான அறிக்கை, கடைசி மூன்று நான்கு சந்திப்புகளின் குறிப்பு, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல். கடைசியில் சொன்னதை அலட்சியப்படுத்தாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குக் கஞ்சாவில் உள்ள சிபிடி அதன் வேகத்தைக் கூட்டிவிடும், இதயக் கோளாறு இருப்பவருக்கு அதில் போதை தரும் பொருளான டிஎச்சி படபடப்பைக் கொடுக்கும். நாட்டு மருந்து, அஸ்வகந்தா எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். அத்தை தினமும் குடிக்கும் சுக்குக் கஷாயத்தைக்கூட டாக்டர் எழுதிக்கொண்டார்.

வீடியோவில் பார்க்கலாமா? பல மாநிலங்களில் பார்க்கலாம். ஆனால் நீங்கள் எந்த மாநிலத்தில் உட்கார்ந்து பேசுகிறீர்களோ அந்த மாநில உரிமம் டாக்டருக்கு இருக்க வேண்டும். டெக்சாஸில் இருக்கும் ஒருவர் கலிஃபோர்னியா டாக்டரிடம் வீடியோவில் வாங்கும் காகிதத்தை வைத்து இரண்டு மாநிலத்திலும் எதுவும் செய்ய முடியாது. "50 மாநிலத்திலும் செல்லும் கார்டு, ஐந்து நிமிடத்தில்" என்று வரும் விளம்பரங்கள் சுத்த ஏமாற்று. அப்படி ஒரு கார்டே உலகத்தில் கிடையாது.

சான்று கொடுத்ததும் டாக்டர் உங்களை மாநிலப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு ஒரு எண் தருவார். அந்த எண்ணை வைத்து நீங்கள் ஆன்லைனில் ஐடி, புகைப்படம், முகவரிச் சான்று ஏற்றி விண்ணப்பத்தை முடிக்க வேண்டும். டாக்டரைப் பார்த்ததோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

டெக்சாஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டாலஸ், ஹூஸ்டனில் நம் ஆட்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன். அங்கே 2015 முதல் குறைந்த டிஎச்சி திட்டம் உண்டு, 2025 செப்டம்பரிலிருந்து நாள்பட்ட வலிக்கும் விரிவாக்கியிருக்கிறார்கள். ஆனால் அதில் கார்டு என்று ஒன்று கொடுப்பதில்லை, டாக்டர் பதிவேட்டில் ஏற்றுவதோடு சரி. மற்ற மாநிலம் "கார்டைக் காட்டு" என்றால் காட்ட எதுவும் இருக்காது. அதனால் டெக்சாஸ்காரர்களுக்கு 21 வயதுக் கடை இருக்கும் மாநிலமோ டிசியோதான் நடைமுறைக்கு ஒத்துவரும். வெளி மாநிலக் கார்டை டெக்சாஸ் மதிப்பதும் இல்லை.

படி 3: பெயரைச் சரி பாருங்கள்

இதற்குத் தனிப் படி எதற்கு என்று கேட்கலாம். எங்களுக்குப் பத்து நாள் போனது இதில்தான். அத்தையின் டிரைவிங் லைசன்ஸில் கடைசிப் பெயர் மாமாவின் பெயர். மருத்துவமனையில், எப்போதோ பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிந்ததால், தாத்தாவின் பெயர். டாக்டர் மருத்துவமனைப் பதிவைப் பார்த்து ஏற்றிவிட்டார், கார்டிலும் தாத்தா வந்து உட்கார்ந்துவிட்டார். ஹவாய் விண்ணப்பத்தில் ஐடியும் கார்டும் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. அவர்கள் மேல் தப்பே இல்லை; இனிஷியலை விரித்து எழுதி, கல்யாணத்துக்கு அப்புறம் மாற்றி, ஓரிடத்தில் மாற்றாமல் விட்டு, நாம் செய்யும் குளறுபடிதான். டாக்டரிடம் போகும்போதே லைசன்ஸை நீட்டி "எழுத்துக்கு எழுத்து இதில் இருக்கிற மாதிரியே ஏற்றுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

படி 4: போகிற மாநிலத்தில் விண்ணப்பம்

ஹவாயை எடுத்துக்கொள்கிறேன், கூடவே உட்கார்ந்து செய்தது அது. வெளி மாநில நோயாளிகளுக்கு 2019-இலிருந்து கார்டு தருகிறார்கள், அதற்கு 329-வி என்று பெயர். கட்டணம் 49.50 டாலர். 60 நாள் செல்லும், ஒரு காலண்டர் வருஷத்தில் இரண்டு தடவை வாங்கலாம். பயணத்துக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், தொடங்கும் தேதியை நீங்களே போடலாம். விமானம் ஏறும் தேதியைப் போடுங்கள், விண்ணப்பிக்கும் தேதியைப் போட்டு நாளை வீணாக்காதீர்கள்.

சொந்த மாநிலக் கார்டின் படம், ஐடியின் படம், மின்னஞ்சல் முகவரி வேண்டும். உங்கள் நோய் ஹவாயின் விதிப்படியும் தகுதி பெறுகிறதா என்று பாருங்கள். புற்றுநோய், வலிப்பு, கடுமையான வலி, கடுமையான குமட்டல் எல்லாம் தகுதி பெறும். மனப்பதற்றம், தூக்கமின்மை போன்றவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதற்குக் கார்டு வாங்கியவர்கள் பணம் கட்டுமுன் பட்டியலைப் பாருங்கள். ஐடி படத்தைச் சமையலறை மேடையில் வைத்து டியூப்லைட் பளபளப்போடு எடுக்க வேண்டாம், ஜன்னல் பக்கம் வெள்ளைத் தாள் மேல் வைத்து எடுங்கள், நான்கு மூலையும் தெரிய வேண்டும். கார்டு மின்னஞ்சலில் வரும். அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: அங்கே போய் இறங்கியதும்

கார்டு, அதே ஐடி இரண்டையும் எடுத்துக்கொண்டு உரிமம் பெற்ற டிஸ்பென்சரிக்குப் போங்கள். கிரெடிட் கார்டு பெரும்பாலும் ஓடாது. பணமோ டெபிட் கார்டோ வேண்டும். ஹவாயில் 15 நாளுக்கு 4 அவுன்ஸ் வரை வாங்கலாம், ஆனால் அத்தைக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு டப்பா.

வீட்டில் சாப்பிட்டுப் பழகிய அளவுதானே என்று அசட்டையாக இருக்காதீர்கள், வேறு கம்பெனி வேறு மாதிரி வேலை செய்யும். டாக்டர் சொன்ன அளவிலிருந்து தொடங்குங்கள், பொதுவாக 2.5 மில்லிகிராம் போல. கம்மி வயிற்றுக்குள் போய் வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகும். "ஒண்ணும் ஆகலயே" என்று இன்னொன்றை வாயில் போடுகிற இடத்தில்தான் வினை ஆரம்பம்.

ஃபெடரல் நிலத்துக்குள் எந்தக் கார்டும் செல்லாது. ஹவாயில் எரிமலை தேசியப் பூங்காவும் பேர்ல் ஹார்பர் நினைவிடமும் அப்படிப்பட்ட இடங்கள், டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு எடுத்துப் போவதும் கூடாது. ஹொனலூலு இருக்கும் ஓவஹு தீவில் வாங்கியதை மாவிக்குக் கொண்டுபோக முடியாது. கடற்கரையிலும் ஓட்டல் பால்கனியிலும் புகைப்பது பற்றிக் கேட்கவே வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள், கார்டு இருந்தாலும் அது குற்றம்தான்.

படி 6: மிச்சத்தை என்ன செய்வது

அத்தை கேட்ட முதல் கேள்விக்கே இப்போது வருகிறேன். மாநில எல்லையைத் தாண்டினால் ஃபெடரல் குற்றம், இரண்டு பக்கமும் அனுமதித்த மாநிலங்களாக இருந்தாலும். விமானப் பாதுகாப்பு ஆட்கள் கஞ்சாவைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை, ஆனால் கண்ணில் பட்டால் போலீஸைக் கூப்பிடுவார்கள். தபாலில் அனுப்பினாலும் அதே குற்றம். சென்னைக்கு எடுத்துப் போவதை நினைத்தே பார்க்காதீர்கள், 1985-ஆம் வருஷத்து போதைப்பொருள் சட்டத்துக்கு உங்கள் அமெரிக்கக் கார்டு வெறும் பிளாஸ்டிக். கார்டு இல்லாத சொந்தக்காரரிடம் "நீ வச்சுக்கோ" என்று கொடுப்பதும் சட்டப்படி தப்பு.

அதனால் மிச்சம் வராத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். வந்துவிட்டால் யாரும் எடுத்துச் சாப்பிட முடியாதபடி குப்பையில் போட வேண்டும். கிளம்புகிற அன்று காலையில் டப்பாவில் நான்கு கம்மி மிச்சம் இருந்தது. அத்தை மகள் அதைக் கத்தியால் நறுக்கி, வெந்நீரை ஊற்றி, அன்றைய டிகாக்‌ஷன் இறக்கிய காபிச் சக்கையோடு போட்டுப் பிசைந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அத்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "நாலு டாலர் போச்சு. நல்ல டிகாக்‌ஷன்டி அது, ரெண்டாவது தடவ இறக்கியிருக்கலாம்."